யாருக்கான மேம்பாடு? மும்பை ஃப்ரீவேயும் ரமாபாய் நகரும்

மும்பையின் கிழக்கு ஃப்ரீவேயை ‘மேம்படுத்தும்’ பணிகள் இரு முனைகளிலும் தொடங்கிவிட்டன. தெற்கு முனையில், ஆரஞ்ச் கேட்டில் வந்து நிற்கும் சாலையை நிலத்துக்கு அடியில் இறக்கி மெரைன் டிரைவ் வரை கொண்டுபோகிறார்கள். அணுகுசாலைகள் உட்படச் சுமார் 9 கிலோமீட்டர். செலவு 8 ஆயிரம் கோடி ரூபாயை ஒட்டி. சுரங்கம் துளைக்கும் இயந்திரத்தை 2025 டிசம்பரில் முதலமைச்சரே இயக்கிவைத்தார். வடக்கு முனையில், காட்கோபரை அடுத்த சேடா நகரிலிருந்து தாணேயின் ஆனந்த் நகர் வரை, கிழக்கு எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையின் தலைக்கு மேலே ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்கு ஓர் உயர்மட்டச் சாலை எழுகிறது. இரண்டையும் நடத்துவது மும்பைப் பெருநகரப் பிரதேச வளர்ச்சி ஆணையம். தாணேயில் காரில் ஏறுகிறவர் சிவப்பு விளக்கு எதையும் காணாமல் அரபிக்கடலோரம் போய் இறங்கலாம் என்பதே இத்திட்டத்தின் வாக்குறுதி.

இது ஒரு நகரத்தின் போக்குவரத்துப் பொறியியல் பிரச்சனை, இதில் வர்க்க அரசியலுக்கு என்ன இடம் என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. சாலை எல்லோருக்கும் பொதுவானது. அதில் பேருந்தும் போகும், ஆம்புலன்சும் போகும். அதை எதிர்த்தால் வளர்ச்சியின் எதிரிகள் என்ற பழியே மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆகவேதான் அதை முதலிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தனித் தகராறும் உண்டு. ஆங்கிலத்தில் வரும் திட்டக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது ‘ஃப்ரீவே’ என்ற சொல்லுக்கு எதை இடுவது? கட்டணமில்லாச் சாலையா, தடையில்லாச் சாலையா, விடுதலை பெற்ற சாலையா? அகராதி இரண்டாவதையே சொல்கிறது. யாருடைய தடை என்று கேட்டால் அகராதி வாய் திறப்பதில்லை. குறுக்கே கடப்பவரும், ஓரமாக நடப்பவரும், கைவண்டி தள்ளுபவரும், நின்று ஆள் ஏற்றும் பேருந்தும் அகற்றப்பட்ட சாலைக்கே அப்பெயர். காருக்குத் தடையாகத் தெரிபவையெல்லாம் நகரத்தின் பெரும்பான்மை மக்களே. ‘திட்டத்தால் பாதிக்கப்படும் நபர்’ என்ற இன்னொரு தொடரும் அக்குறிப்புகளில் அடிக்கடி வரும். அதை மொழிபெயர்ப்பதில் சிரமம் ஏதும் இல்லை. புயலால் பாதிக்கப்பட்டோர் என்பதுபோல் எழுதிவிட்டுப் போகலாம். புயலுக்கு ஒப்பந்தக்காரர் கிடையாது என்பது மட்டும்தான் வேறுபாடு.

கிழக்கு ஃப்ரீவே 2013 ஜூனில் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பாஞ்ச்ராபோல்–காட்கோபர் பகுதியும் சேர்ந்து 16.8 கிலோமீட்டர் நீளம் நிறைவுற்றது. துறைமுக நிலங்களின் ஓரமாகவும் அவற்றின் மேலாகவும் ஓடும் அச்சாலையால் செம்பூரிலிருந்து கோட்டைப் பகுதிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஊர்ந்த கார்கள் அரை மணிக்கும் குறைவான நேரத்தில் சென்றன. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் நெரிசல் ஒழியவில்லை, இடம் மாறியது. வடக்கே சேடா நகர் சந்திப்பில் குவிந்தது. அதைத் தீர்க்க அங்கே மேம்பாலங்கள் கட்டினார்கள். தெற்கே ஆரஞ்ச் கேட்டுக்கு வெளியே குவிந்தது. அதைத் தீர்க்க இப்போது சுரங்கம். சேடா நகரைத் தாண்டிய நெரிசலைத் தீர்க்கத் தாணே வரை உயர்மட்டச் சாலை. அது தாணேயில் இறங்கும் இடத்தில் என்ன நிகழும் என்பதைக் கணிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. இம்மருந்துச் சீட்டும் புதிதல்ல. 1995க்கும் 1999க்கும் இடையில் மகாராஷ்டிரத்தை ஆண்ட சிவசேனா–பாஜக அரசு, நிதின் கட்கரி பொதுப்பணித்துறை அமைச்சராக இருக்க, மும்பைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மேம்பாலங்களை அறிவித்தது. அவை எழுந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நோயாளி இன்னும் அதே மருத்துவரிடம்தான் வரிசையில் நிற்கிறார்.

இதன் இயக்கவியலை முதலாளித்துவப் பொருளியலே விளக்கியிருக்கிறது. உச்சநேரத்தில் நெடுஞ்சாலை நெரிசல் அதன் கொள்ளளவை எட்டும் வரை உயரும் என்று ஆந்தனி டவுன்ஸ் 1962 இலேயே எழுதினார். கில் டுராண்டன், மேத்யூ டர்னர் இருவரும் அமெரிக்க நகரங்களின் தரவுகளை ஆராய்ந்து, சாலையின் தடங்கள் எந்த விகிதத்தில் பெருகுகின்றனவோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் பெருகுகிறது என்று 2011 இல் நிறுவினர். ஹூஸ்டன் நகரத்தின் கேட்டி ஃப்ரீவே, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் வரை 2008 இல் அகலப்படுத்தப்பட்டது. ஆறேழு ஆண்டுகளுக்குள் உச்சநேரப் பயணம் முன்னிலும் நீண்டுவிட்டது. சியோல் மாநகரமோ தன் நடுவே ஓடிய உயர்மட்டச் சாலையை 2003 இல் இடிக்கத் தொடங்கி, அதன் அடியில் புதைந்திருந்த சோங்கேசோன் ஓடையை 2005 இல் மீட்டெடுத்தது, நகரம் நின்றுபோகவில்லை. சோசலிச நாடுகளை உதாரணம் காட்டினால் நம்மைக் கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் ஹூஸ்டனையும் சியோலையும் சொல்கிறேன்.

இனி எளிய கணக்கு ஒன்று. நெடுஞ்சாலையின் ஒரு தடம் தடையின்றி ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 2,000 கார்களைக் கடத்தும். காருக்கு ஒன்றரை ஆள் என்று வைத்தாலும் 3,000 பேர். மும்பையின் 12 பெட்டிப் புறநகர் மின்ரயில் ஒன்று உச்சநேரத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்துக்கொண்டு போகிறது. அடுத்த ரயில் மூன்று நான்கு நிமிடங்களில் வந்துவிடுகிறது. அதாவது பல்லாயிரம் கோடியில் எழும் சாலையின் ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுவதும் செய்யும் வேலையை ஒரே ஒரு ரயில் ஒரு நடையில் முடித்துவிடுகிறது. இந்தியக் குடும்பங்களில் கார் உள்ளவை நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு என்று 2019–21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. மும்பையிலோ நாளொன்றுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்ரயிலில் பயணம் செய்கிறார்கள். அவர்களில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டவாளத்தில் உயிரிழக்கிறார்கள். இது போர்க்களக் கணக்கு அல்ல, வேலைக்குப் போய்வரும் கணக்கு. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா வளைவில் எதிரெதிரே கடந்த இரு ரயில்களின் படிகளில் தொங்கியவர்கள் ஒருவரோடொருவர் உரசி விழுந்ததில் குறைந்தது நான்கு பேர் மாண்டார்கள். தாணேயிலிருந்து தெற்கே செல்லும் அதே மத்திய ரயில் பாதையில் குர்லாவுக்கும் சத்ரபதி சிவாஜி முனையத்துக்கும் இடையே ஐந்தாம் ஆறாம் தடங்கள் அமைக்க 2008 இலேயே ஒப்புதல் கிடைத்தது. அவை இன்னும் வந்துசேரவில்லை. காருக்கான சாலையோ கோரிக்கை எழும் முன்பே வரைபடமாகிவிடுகிறது.

இந்த உயர்மட்டச் சாலைக்கு ஏறத்தாழ இணையாக வடாலா–காட்கோபர்–தாணே மெட்ரோ பாதையை இதே ஆணையம் 2018 முதல் கட்டிக்கொண்டிருப்பது இன்னொரு விந்தை. ஒரு கையால் மக்களை ரயிலுக்கு அழைத்துக்கொண்டு, மறு கையால் காரில் போகத்தக்கவர்களுக்குப் பக்கத்திலேயே வேறு வழி திறக்கும் இந்தத் திட்டமிடலுக்கு ‘ஒருங்கிணைந்த போக்குவரத்து’ என்று பெயர்.

பேருந்தின் கதை இதைவிடக் கசப்பானது. 1947 ஆகஸ்டில், விடுதலைக்கு ஒரு வாரம் முன்பு, தனியார் டிராம் கம்பெனியிடமிருந்து மாநகராட்சி ஏற்றுக்கொண்ட நிறுவனம் ‘பெஸ்ட்’. ஒரு காலத்தில் அதனிடம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள் இருந்தன. இன்று மூவாயிரமும் இல்லை. இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒப்பந்தக்காரர்களுக்குச் சொந்தமானவை. 2019 ஜனவரியில் தொழிலாளர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தபோது நட்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கு ஏது பணம் என்றார்கள். அதே மாநகராட்சிதான் தன் சொந்த நிதியிலிருந்து சுமார் 14 ஆயிரம் கோடி ரூபாயைக் கொட்டி, 10.58 கிலோமீட்டர் கடற்கரைச் சாலையை அமைத்தது. அதில் கார் இலவசமாக ஓடுகிறது; மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. பேருந்துக்கெனத் தனித்தடம் என்று தொடக்கத்தில் பேசப்பட்டது திறப்பு விழாவில் காணாமற்போயிற்று. 2024 டிசம்பரில் குர்லாவில் ஒப்பந்த மின்பேருந்து ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேருக்கும் மேல் மாண்டபோது, ஓட்டுநருக்கு அவ்வகை வண்டியில் போதிய பயிற்சியே தரப்படவில்லை என்பது வெளிவந்தது. 2025 மே மாதம் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக இரட்டித்தார்கள். காரில் போகிறவனுக்கு மானியம். பேருந்தில் போகிறவளுக்குக் கட்டண உயர்வு. கடற்பாலத்திலும் அடல் சேதுவிலும் இதே விலக்குதான். அந்த அடல் சேதுவில் கார் ஒருமுறை கடக்க 250 ரூபாய் என்று 2024 இல் விதித்தார்கள். சாலை எல்லோருக்கும் பொதுவானது என்னும் தோழர்கள் இச்சாலைகளின் வாயிலில் நிற்கும் அறிவிப்புப் பலகையை ஒருமுறை படிக்க வேண்டும்.

இவ்வளவும் போக்குவரத்து பற்றியவை. ஆனால் இவ்விரிவாக்கத்தின் கரு போக்குவரத்து அல்ல. அது காட்கோபர் கிழக்கில், நெடுஞ்சாலையோரத்தில் இருக்கிறது. சேடா நகரிலிருந்து தாணேக்குக் கிளம்பும் உயர்மட்டச் சாலையின் வழியில் மாதா ரமாபாய் அம்பேத்கர் நகரின் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட குடிசைகள் நிற்கின்றன. சாலைக்கு அவை மட்டுமே தேவை. ஆணையம் அத்துடன் நிற்கவில்லை. ரமாபாய் நகரையும் அதை ஒட்டிய காமராஜ் நகரையும் சேர்த்துச் சுமார் 32 ஹெக்டேர் நிலத்தில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளை அகற்றி மறுகட்டமைப்புச் செய்யும் திட்டத்தைக் குடிசை மறுவாழ்வு ஆணையத்தோடு கூட்டாகக் கையிலெடுத்திருக்கிறது. 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். காமராஜ் நகர் என்ற பெயரை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிழைப்புத் தேடி வந்தவர்கள் சதுப்போரத்தில் மண்ணடித்து நிலமாக்கிய இடங்களுக்குத் தத்தம் தலைவர்களின் பெயரைச் சூட்டிக்கொண்ட மும்பையின் கிழக்குக் கரையில், அம்பேத்கரின் துணைவியார் பெயரும் காமராசர் பெயரும் அண்டைவீட்டாராக நிற்பதில் வியப்பொன்றும் இல்லை.

ரமாபாய் நகரின் பெயரை நாடு அறிந்தது வேறொரு காரணத்தால். 1997 ஜூலை 11 காலை, அங்கிருந்த அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை அணிவிக்கப்பட்டிருப்பதைக் கண்ட மக்கள் இதே கிழக்கு எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் இறங்கி மறித்தார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் படை சுட்டதில் பத்துத் தலித்துகள் உயிரிழந்தனர். எரிபொருள் லாரிக்குத் தீ வைக்க முயன்றார்கள் என்று காவல்துறை கதை கட்டியது. அத்துப்பாக்கிச்சூடு நியாயமற்றது என்று நீதிபதி குண்டேவார் ஆணையம் கண்டது. சுட உத்தரவிட்ட அதிகாரிக்கு 2009 இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. விரைவிலேயே அவர் பிணையில் வெளிவந்தார். உழைக்கும் மக்களின் பாடகர் விலாஸ் கோக்ரே அத்துயரம் தாளாமல் சில நாட்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று ஆண்டது, மேலே குறிப்பிட்ட அதே மேம்பாலங்களின் அரசுதான்.

அந்தத் தெருவின் ஒரே ஆயுதம் சாலை மறியல். தொழிற்சாலை வாயில் இல்லாத, பேரம் பேச முதலாளி என்று ஒருவன் எதிரே நிற்காத உதிரித் தொழிலாளிக்கு, நகரத்தின் காதில் தன் குரலை விழச்செய்ய நெடுஞ்சாலையைத் தவிர வேறு இடம் இல்லை. தலைக்கு மேலே உயரத்தில் ஓடும் சாலையை எவர் மறிக்க முடியும்? வரைந்தவர்கள் இதை எண்ணித்தான் வரைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணியிருக்கத் தேவையும் இல்லை. ஆளும் வர்க்கத்தின் வசதியும் அதன் பாதுகாப்பும் ஒரே வரைபடத்தில் பொருந்திப்போவது வழக்கம். எங்கெல்ஸ் 1872 இல் ‘குடியிருப்புப் பிரச்சனை’யை எழுதியபோது பாரிசின் அகன்ற வீதிகளைப் பற்றி இதையேதான் பேசினார். தொழிலாளர் வாழும் சந்துகளைச் சுகாதாரம், அழகு, போக்குவரத்து என்று ஏதாவதொரு பெயரால் இடிப்பார்கள். அவை ஒழிவதில்லை, வேறொரு மூலையில் முளைக்கும். அந்நூலை ஒப்புநோக்கும் வேலை பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. பாரிஸ் என்ற இடத்தில் மும்பை என்று போட்டுப் படித்தாலும் வாக்கியம் எங்கும் தடுக்கவில்லை.

வீடு கொடுக்கிறார்களே என்ற கேள்வி எழும். ஆம், கொடுக்கிறார்கள், அதை வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகளாகப் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்ற குடும்பத்துக்கு, கதவடைத்துக் குளிக்கக்கூடிய 300 சதுர அடி பெரிய வெற்றி. மண்மணம், சமூக வாழ்வு என்று சொல்லிக் குடிசையைக் காவியமாக்கும் மேட்டுக்குடி அனுதாபிகளோடு நாம் சேர முடியாது. நம் கேள்வி, யாருக்கு வீடு என்பது. மகாராஷ்டிரத்தின் குடிசை மறுவாழ்வு விதிகளின்படி 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பதை ஆவணத்தால் மெய்ப்பிப்பவருக்கு வீடு இலவசம். அதன் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர் இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதற்கும் பின்னர் வந்தவர்க்கு அக்கணக்கில் இடமில்லை. தரைத்தளம்தான் கணக்கு, அதன் மேல் தகரம் போட்டு எழுப்பிய மாடியில் குடியிருப்பவரும், வாடகைக்கு இருப்பவரும் பொதுவாக எண்ணிக்கைக்கு வெளியே. ‘தகுதியற்றவர்’ என்று அவர்களுக்கு அலுவலகச் சொல் ஒன்று உண்டு. அச்சொல்லை மொழிபெயர்க்கும்போதெல்லாம் கை தயங்குகிறது. தமிழில் அது ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பு. அங்கோ அது ஒரு மின்கட்டண ரசீதின் தேதி.

தகுதியுள்ளவர்களை அடுக்குமாடியில் ஏற்றிவிட்டால் கீழே நிலம் விடுபடும். ஃப்ரீவேயின் உண்மையான ‘ஃப்ரீ’ அதுதான். நெடுஞ்சாலையோரம், மெட்ரோ அருகே, தென்மும்பைக்கு நேர்வழி என்று மதிப்பேறிய அந்நிலத்தில் எழும் விற்பனைக் கட்டடங்களின் வருவாயே இத்திட்டத்தின் நிதி ஆதாரம். சதுப்பை நிலமாக்கியது குடிசைவாசியின் உழைப்பு. சாலை அமைத்தது பொதுப்பணம். இரண்டாலும் பெருகும் நில வாடகை போய்ச்சேரும் கை வேறு. பாந்த்ரா–குர்லா வளாகத்தின் நிலத்தை விற்றும் குத்தகைக்கு விட்டும் வளர்ந்த ஆணையம் இது. நிலவிற்பனை அதன் பக்கவேலை அல்ல.

ஒப்பந்தங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. இதே ஆணையம் தாணே–பயந்தர் இடையே அறிவித்த சுரங்கச் சாலை, உயர்மட்டச் சாலை ஆகிய இரண்டின் சுமார் 14 ஆயிரம் கோடி ரூபாய் டெண்டர்களில், போட்டியாளரைவிடச் சுமார் 3 ஆயிரம் கோடி குறைவாகக் கேட்டும் தன்னைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள் என்று எல் அண்ட் டி நிறுவனம் நீதிமன்றம் சென்றது. உச்சநீதிமன்றம் கேள்வி எழுப்பிய பின் 2025 மே இறுதியில் ஆணையம் டெண்டர்களையே திரும்பப் பெற்றது. அந்தப் போட்டியாளரான மேகா என்ஜினியரிங், 966 கோடி ரூபாய்க்குத் தேர்தல் பத்திரம் வாங்கி அப்பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்த நிறுவனம். இரண்டு பெருமுதலாளிகளின் சண்டையில் நமக்குப் பிரியமான தரப்பு எதுவுமில்லை. அவர்கள் சண்டையிட்டதால் மட்டுமே இது வெளிச்சத்துக்கு வந்தது என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

மரங்களைப் பற்றி நகரத்தின் நடுத்தர வர்க்கம் குரல் எழுப்பியிருக்கிறது. எழுப்பட்டும், நாமும் உடன் நிற்போம். காட்கோபர்–விக்ரோலி சாலையோரம் சுமார் 700 மரங்கள் பட்டியலில் இருந்தன. எதிர்ப்புக்குப் பின் தூண்களின் இடத்தை மாற்றி, இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் மரங்களில் ஒரு பகுதியை விட்டுவைக்க இசைந்தார்கள். வர்சோவாவிலிருந்து பயந்தர் வரை நீளும் வடக்குக் கடற்கரைச் சாலையால் நாற்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட கண்டல் மரங்கள் பாதிக்கப்படும் என்பது மாநகராட்சியின் சொந்தக் கணக்கு. ஆனால் இதில் பொதிந்த பாடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மரத்துக்காகத் தூணை நகர்த்த முடியும் என்றால், ஒரு மாடிவீட்டுக் குடித்தனக்காரரைப் பட்டியலில் சேர்ப்பதும் முடியும். வோர்லி கோலிவாடா மீனவர்கள் தம் படகுகள் செல்லக் கடற்கரைச் சாலையின் தூண்களுக்கிடையே வேண்டிய அகலம் 60 மீட்டரில் அடங்காது என்று விடாது போராடி 120 மீட்டர் பெற்றார்கள். வரைபடம் கல்வெட்டு அல்ல.

ஆகவே, ‘ஃப்ரீவேயே வேண்டாம்’ என்ற ஒற்றை முழக்கத்தோடு அம்மக்களிடையே போவதை நான் ஏற்கவில்லை. ‘வளர்ச்சியை எதிர்க்கோம்’ என்று ஒதுங்கி நிற்பதையும் ஏற்கவில்லை. வீட்டையும் சாலையையும் முடிச்சுப் போட்டவர்கள் ஆட்சியாளர்கள். அம்முடிச்சை அவிழ்ப்பதே நம் முதல் வேலை. சாலையின் அவசரத்துக்காகக் குடிசை இடிபடக் கூடாது; மாற்று வீட்டின் சாவி கைக்கு வந்த பின்பே ஆள் வெளியேற வேண்டும். இடிக்கும் நாளில் அங்கே குடியிருக்கும் அனைவரும், மாடியில் இருப்பவரும் வாடகைக்கு இருப்பவரும் உட்பட, எண்ணப்பட வேண்டும். விடுபடும் நிலம் சந்தைக்குப் போகாமல் வாடகை வீடுகளுக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஒதுக்கப்பட வேண்டும். ஃப்ரீவே எழுந்தே தீருமாயின் ஒவ்வொரு திசையிலும் ஒரு தடம் பேருந்துக்கு மட்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்ய வேண்டும். அதில் ஓடப் பெஸ்ட்டுக்கும் தாணே மாநகராட்சிக்கும் சொந்தப் பேருந்துகள், நிரந்தர ஓட்டுநர்கள். இக்கடைசிக் கோரிக்கையை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது தெரியும். ஏன் ஏற்கவில்லை என்பதை ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் விளக்கும் வாய்ப்பை அது நமக்குத் தரும்.

அப்பகுதியில் பணியாற்றும் தோழர்களுக்குக் குறிப்பாக ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்புத் தாள்கள் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. அவற்றில் எந்தக் கட்டத்தில் கையெழுத்திட்டால் எந்த உரிமை போகும் என்பது காமராஜ் நகரின் வயதான தமிழ்ப் பெண்களுக்குப் புரியாது. படித்த பேரப்பிள்ளைகளுக்கே புரிவது கடினம். தாளின் படியை நமக்கு அனுப்பிவையுங்கள். வரிக்கு வரி தமிழாக்கித் தருவது எங்கள் பொறுப்பு. வாங்கிய அன்றே கையெழுத்திட வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லிவைப்பது உங்கள் பொறுப்பு.